கஞ்சிப் பசையின் கீழிருந்த முகம்

புக்கிட் பெலிம்பிங்
செவ்வாய்க்கிழமை காலை

பூசையறை விளக்கை ஏற்றிவிட்டேன், மகளே. திருநீறும் பூசிக்கொண்டாயிற்று. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் தவறாமல் பாடி வரும் பதிகத்தை இன்று பாட வாய் வரவில்லை. இதை உனக்கு எழுதி முடிக்காமல் அம்மன் முன்னால் வாய் திறப்பது முறையில்லை என்று தோன்றுகிறது. ஆகவே விளக்கின் எதிரிலேயே சிறுமேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ அந்த நாடகச் சுவரொட்டியை உன் பழஞ்சுவரொட்டிக் கண்காட்சிக்காக அச்சுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இக்கடிதம் உன் கையில் சேர வேண்டும். நாளைக் காலைப் பேருந்தில் ரவாங்குக்கு வந்து நானே தருவேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில்தான் நான் உன்னிடம் பொய் சொன்னேன். அதே வழியில் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நம் ரப்பர்த் தோட்டம் வீட்டுமனைகளாக விற்கப்பட்டு, கோயிலை இடம் மாற்றியபோது, கருவறைக்குப் பின்னால் இருந்த பண்ட அறையிலிருந்து ஒரு கட்டுப் பழந்தாள்களை நீ எடுத்துச் சென்றாய். அவை எப்படி இத்தனை காலம் தப்பிப் பிழைத்தன என்று வியந்தாய். அதில் வியப்பு ஒன்றுமில்லை. அக்காலத்தில் நம் தோட்டத்தில் நாடகம் என்றால் சுவரொட்டியின் உச்சியில் அம்மன் திருவுருவம் இல்லாமல் அச்சடிக்க மாட்டோம். சாமி படம் இருக்கும் தாளைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. எரிக்கவும் மனம் வராது. மிஞ்சியதையெல்லாம் கட்டிக் கோயிலில் வைத்துவிடுவோம். அச்சகத்திலிருந்து வரும் முதல் சுவரொட்டிக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. அதை அம்மன் பாதத்தில் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, பூசை செய்த பிறகே மற்றவற்றைச் சுவரில் ஒட்டக் கிளம்புவோம்.

நீ சரிசெய்து கொண்டிருக்கும் «மரகதவல்லி» நாடகச் சுவரொட்டி அந்த முதல் தாள்தான். போன மாதம் நீ என்னை அழைத்து, "அப்பா, கீழ் மூலையில ஒரு செவப்புக் கறை இருக்கு. அச்சு மையா, வேற ஏதாச்சுமா?" என்று கேட்டாய். "மையாகத்தான் இருக்கும்" என்றேன். நீயும் அதைக் கணினியில் துடைத்துவிட்டாய். அது மையன்று மகளே, குங்குமம். அதை இட்டவன் நான்.

மறுநாள் இன்னொன்று கேட்டாய். அந்தப் பேச்சு எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"அப்பா, கதாநாயகி படம் இருக்குற இடத்துல ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கு லா. அத மட்டும் பூச்சி நல்லா தின்னிருக்கு. பின்னால லைட் வச்சுப் பாத்தேன், அடியில வேற ஒரு முகம் இருக்கு. ஒரு கண்ணும் கிரீடத்துல பாதியும்தான் தெரியுது. பேரு இருந்த இடம் சுத்தமா போச்சு. யாருப்பா அது?"

"அச்சகத்தில் படம் மாறிப் போயிற்று அம்மா. அதனால் சரியான படத்தை மேலே ஒட்டினோம்" என்றேன்.

"அப்ப மேல இருக்குற ஆளுதான் கரெக்டா? நான் இல்லாதத இட்டுக் கட்ட மாட்டேன்பா. தெரியலன்னா வெள்ளையாவே விட்டுருவேன். அதான் கேக்குறேன்."

"மேலே இருப்பதுதான் சரி" என்றேன்.

நீ என்னை நம்பினாய். மற்றச் சுவரொட்டிகளில் அரிக்கப்படாமல் எஞ்சிய துண்டுகளிலிருந்து எடுத்து, பெண் வேடத்திலிருந்த காளிமுத்துவின் முகத்தை அந்த ஓட்டையில் பொருத்தினாய். ஒட்டுத்தாளின் விளிம்பே தெரியாதபடி இழைத்துவிட்டாய். உன் தொழிலில் நீ வைத்திருக்கும் ஒரே ஒழுக்கத்தை என் ஒரு சொல்லால் மீற வைத்தேன். நீ அன்று எனக்கு அனுப்பிய படத்தில், வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்த அந்த ஒற்றைக் கண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைத் தொலைபேசியிலிருந்து அழித்தேன். அந்தப் புருவத்தை எனக்குத் தெரியும். தினமும் காலையில் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பவளின் புருவம் அது.

மகளே, அந்த முகம் உன் அம்மாவுடையது.

நான் அப்போது தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. நூல்கள் படித்தவன், கோயிலில் பதிகம் பாடுபவன், செய்யுள் கட்டத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. திருவிழாவுக்கு நாடகம் எழுதுவேன், அரசன் வேடமும் கட்டுவேன். பெண் வேடம் எப்போதும் ஆலையில் வேலை பார்த்த காளிமுத்துவுக்கு. அந்த ஆண்டு அவனுக்குக் காலில் அடிபட்டது. பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள் மகள் தனலெட்சுமி, ஒத்திகையை வாசலில் நின்று பார்த்தே வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாள். வேறு வழியில்லாமல் அவளை மேடையேற்றினோம். எங்கள் தோட்டத்தில் மேடையில் நின்ற முதல் பெண் அவள்தான். நான் எழுதிய வரிகள் இவ்வளவு நல்ல வரிகளா என்று அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த இரண்டு தோட்டங்களிலிருந்தும் அழைத்தார்கள். மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுவாரம் நான் பெண் கேட்டுப் போனேன்.

என் வீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இனி மேடை கூடாது. உன் அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளும் ஒன்று கேட்டாள். கோலசிலாங்கூர் பட்டணத்து மண்டபத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏற்கெனவே நாள் குறித்திருந்தோம். சுவரொட்டியும் அச்சுக்குப் போயிருந்தது. "டவுன்ல ஆடுற அந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான்" என்றாள். கோயிலில் விளக்கைத் தொட்டு, சரி என்றேன். சுவரொட்டி வந்தது. மேலே அம்மன், நடுவில் கிரீடம் தரித்த உன் அம்மா, கீழே "கதாநாயகி: பெ. தனலெட்சுமி" என்று பெரிய எழுத்து. முதல் தாளை நானே அம்மன் பாதத்தில் வைத்தேன்.

அன்று பிற்பகல் காப்பிக் கடையில் வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய மண்டோர், அவர்தான் கோயில் தலைவர், பத்துப் பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டார். "என்னா சின்னக் கிராணி, சாமிக்குப் பாட்டு நீ பாடுற, நீ கட்டிக்கப் போறவ மூஞ்சிய பஸ் ஸ்டாண்டு சுவத்துல போற வர்றவன்லாம் பாக்கப் போறான். தீவாரணத் தட்டையும் அந்தச் சுவத்துக்கே கொண்டு போய் காட்டிரலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகளே, அந்தச் சிரிப்புத்தான் என் வாழ்வில் நான் செய்த முதல் கோழைத்தனம். மற்றவையெல்லாம் அதன் வரிசையில் வந்தவை.

உன் அம்மாவிடம் போய், கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் தவறுதான்; ஆனால் நேர்மையான தவறாக இருந்திருக்கும். நான் அச்சகத்துக்குப் போனேன். காளிமுத்துவின் படமும் பெயரும் போட்ட துண்டுத் தாள்களை அடித்து வாங்கினேன். கால் ஆறிவிட்டதா என்று அவனிடம் கேட்டேன். தனத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அரிசிக் கஞ்சியில் பசை காய்ச்சி, அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சுவரொட்டியிலும் அவள் முகத்தின் மேல் நானே ஒட்டினேன். கடைசியில் கோயிலுக்குப் போய், அம்மன் பாதத்தில் குங்குமத்தோடு கிடந்த அந்த முதல் தாளையும் எடுத்தேன். பூசை ஆன பொருளைத் தொடக் கூடாது என்று ஊருக்குச் சொல்பவன் நான். அதன் மேலும் பசை தடவினேன். சுவரொட்டியைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சாமி படம் இருக்கிறதே, கிழித்தால் பாவம் என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் முகத்தை மூடுவது பாவம் என்று நினைக்கவில்லை. என் பக்தியின் அளவு அன்று அவ்வளவுதான்.

ஆட்டம் ஒரு ஞாயிறு மாலை. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் லோரியில் ஏறிக் கம்போங் குவாந்தான் வழியாகப் பட்டணம் வந்தார்கள். அவளும் அதே லோரியில், மடியில் ஒரு துணிப்பையோடு வந்தாள். பையில் அவளே அட்டையில் வெட்டி, மினுக்குத் தாள் ஒட்டிச் செய்த மணிமுடி. நான் அரச வேடத்தில் மண்டபக் கதவோரம் நின்றிருந்தேன். வாசலில் சுவரொட்டியைப் பார்த்து அவள் நின்றாள். விரலால் அந்தத் துண்டின் விளிம்பைத் தொட்டாள். மண்டபத்துத் தாளில் அன்று பிற்பகல்தான் ஒட்டியிருந்தேன்; பசை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. நேரே மேடைக்குப் பின்னால் வந்து, என்னைக் கடந்து, காளிமுத்துவிடம் பையைக் கொடுத்தாள்.

"காளியண்ணே, இத வச்சிக்குங்க. எடது பக்கம் கொஞ்சம் லூசு. ஊசி குத்திக்குங்க, இல்லாட்டி மூணாவது காட்சியில கழண்டு விழுந்துரும்."

"ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னாங்களே தங்கச்சி?"

"இப்ப சரியாப் போச்சு" என்றாள்.

பிறகு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பின் நடந்தது உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்திருப்பாய். மூன்றாம் காட்சியில் காளிமுத்து வசனத்தை மறந்து என் முன்னால் விழித்துக்கொண்டு நின்றதும், இரண்டாவது வரிசையிலிருந்து உன் அம்மா வசனத்தை எடுத்துக் கொடுத்ததும், மண்டபமே கைதட்டிச் சிரித்ததும். எத்தனை கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்! போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னிலையிலும் சொன்னேன். மாப்பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார். "அத்த, நீங்க அப்பவே டைரக்டரா!" என்றார். உன் அம்மா தேநீர்த் தட்டோடு புன்னகைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் மேடையில் இல்லாமல் இரண்டாவது வரிசையில் இருந்தாள் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதபடி நான் கதையைச் சொல்லப் பழகியிருந்தேன்.

காளிமுத்து மறந்த வரி என்ன என்பதையும் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது அரசி அரசனைப் பார்த்துச் சொல்லும் வரி: "நான் கேட்டது நாட்டையல்ல அரசே, நீர் கொடுத்த சொல்லை." எழுதியவன் நான். அன்று அவள் எழுந்து நின்று, என் கண்ணைப் பார்த்து, அதைச் சொன்னாள். மண்டபம் சிரித்தது. அடுத்த வரி அரசனுடையது. எனக்கு அது வரவில்லை. காளிமுத்துதான் தலையில் முடி சாய, ஏதோ கோமாளித்தனம் செய்து காட்சியைக் காப்பாற்றினான். ஆட்டம் முடிந்து லோரியில் ஏறும்போது அவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, வசனம் மறந்தது நானா, நீங்களா?"

மறுமாதம் எங்களுக்குத் திருமணம் நடந்தது. சுவரொட்டியைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கேட்காததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. சில நாள் மனம் உறுத்தும்போது, படித்த நூல்களிலிருந்து இல்லறத்தாளின் அடக்கத்தைப் பற்றிய பாட்டுகளைத் தேடி எடுத்து அவளுக்கே விளக்கம் சொல்வேன். அந்த நூல்கள் எதுவும் பசை காய்ச்சச் சொல்லவில்லை, மகளே. என் கோழைத்தனத்துக்குப் பெரியவர்களின் வாக்கைப் போர்வையாக இழுத்துப் போட்டேன்.

உனக்கு ஐந்து வயதிருக்கும். அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, "அம்மா என்னா சாமிப் பாட்டு பாடுறாங்க?" என்று என்னிடம் ஓடி வந்தாய். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். மரகதவல்லியின் இரண்டாம் காட்சி. "ஆமாம், சாமிப் பாட்டுத்தான்" என்றேன். அதுவும் ஒரு பொய். பள்ளியில் படிவம் ஐந்து முடித்து நீ ஓவியமும் கணினியும் படிக்கப் போகிறேன் என்றபோது, பெண்பிள்ளைக்கு ஆசிரியர் வேலை போதும் என்று நான் சொன்னேன். உன் அம்மா அன்றுதான் முதல் முறையாக என் பேச்சைக் குறுக்கே வெட்டினாள். "அவ படிக்கட்டும். அவ பேரு அவ செய்யிற வேலையில இருக்கட்டும்" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். அது எனக்குச் சொன்ன பதில் என்று இப்போது தெரிகிறது.

போன ஞாயிறு நீ சரிசெய்த படத்தைப் பெரிய தாளில் எடுத்து வந்து கூடத்தில் விரித்தாய். வெளிறிய சிவப்பு மீண்டும் சிவந்திருந்தது. மடிப்புக் கோடுகள் மறைந்திருந்தன. அம்மன் முகம் நேற்று எழுதியது போல் பொலிந்தது. நடுவில் காளிமுத்து, முடியோடு. "எப்படிம்மா இருக்கு?" என்றாய். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கு பாப்பா. கோடே தெரியல" என்றாள். அதே விரல். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். வெயில் அதிகம் என்று சொன்னேன்.

நேற்றுக் காலை அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலியால் நான் தரையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதனால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தனம், பாப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். பசை காய்ச்சியது, அம்மன் பாதத்திலிருந்து எடுத்தது, காப்பிக் கடையில் சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. சுவரொட்டிக்காக எடுத்த மூலப் புகைப்படத்தை எறிய மனமில்லாமல் என் பதிகக் கையேட்டின் அட்டைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"தெரியும்" என்றாள். "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பூச அலமாரிய தொடைக்கிறவ நான்தான? என்னிக்காச்சும் எடுத்து வெளிய வப்பீங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

எடுத்து வந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "அப்பவே எடது பக்கம் சாஞ்சிதான் இருந்திருக்கு" என்று சிரித்தாள். பிறகு, நான் கைகூப்பி மன்னிப்பு என்று தொடங்கியதும், சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "இங்க என்னாத்துக்கு? அடுப்படியிலயா ஒட்டுனீங்க? மண்டபத்து வாசல்ல ஒட்டுனீங்க. கேக்குறதா இருந்தா அங்க வந்து கேளுங்க."

மகளே, உன் கண்காட்சி நடக்கப் போவது, இன்று பெயர் மாறியிருக்கும் அதே மண்டபம் என்பது உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

உனக்கு அடுத்த மாதம் திருமணம். மாப்பிள்ளை நல்லவர். நானும் நல்லவன் என்றுதான் பெயர் வாங்கினேன். ஆகவே உனக்கும் அவருக்கும் சேர்த்தே ஒன்று சொல்கிறேன். அவரைப் பற்றி நீயோ, உன்னைப் பற்றி அவரோ, நாலு பேர் சிரிக்க ஒரு கதை சொல்லும்போது, சிரிக்கிற வேளையில் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது குறைந்தால் அன்றைக்கே கேளுங்கள். மௌனமாக இருப்பவரை ஒப்புக்கொண்டவராக எண்ணிவிடாதீர்கள். நான் இழந்த காலம் அந்த எண்ணத்தில்தான் போயிற்று. அவள் இழந்த காலத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

இனி உன் வேலை. புகைப்படம் இதனுடன் இருக்கிறது. அந்தக் கண்ணும் பாதி முடியும் இதனோடு பொருந்துகிறதா என்று நீயே வைத்துப் பார். என் சொல்லை நம்பி எதையும் செய்யாதே. குங்குமக் கறையைத் திரும்பப் போட்டுவிடு. உன் அம்மா சொல்லியனுப்பியது ஒன்று உண்டு, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "மொகத்தப் போடட்டும். ஆனா பச ஒட்டுன கோட்ட அழிக்க வேணாம். இருந்ததுதான, இருக்கட்டும்." படத்தின் கீழே விவரம் எழுதும் அட்டையில், கதாநாயகி பெ. தனலெட்சுமி என்று போடு. எழுதியவர் என்று என் பெயர் வரும் இடத்தில், அவர் முகத்தை மூடி ஒட்டியவரும் இவரே என்று ஒரு வரி சேர். மென்மையாக்காதே.

சனிக்கிழமை கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிடுவேன். உள்ளே வர மாட்டேன். உன் அம்மா வரும் வரை வாசலிலேயே நிற்பேன்.

அப்பா